அமெரிக்காவில் செக் எழுதிக் காலம் தள்ளுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு எடுத்த கையோடு, பணம் எப்படிக் கட்டுவது என்று அபார்ட்மெண்ட் ஆபீஸில் கேட்டுப்பாருங்கள். பல இடங்களில் சுவரில் இருக்கும் ஒரு துவாரத்தைக் காட்டி, “செக் எழுதி இதில் போட்டுவிடுங்கள்” என்பார்கள். ஆன்லைனிலும் கட்டலாம், ஆனால் கார்டு என்றால் இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் கட்டணம். பிள்ளையின் பியானோ டீச்சர், குழாய் சரிசெய்ய வருபவர், சொத்து வரி வாங்கும் கவுண்ட்டி அலுவலகம் என்று அடுத்தடுத்து இதே கதைதான். க்யூஆர் குறியீட்டைக் கண்டதும் போனை நீட்டிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

செக் எழுதக் கற்றுக்கொள்வது பத்து நிமிட வேலை. காத்திருப்புக்குப் பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும். யூபிஐயில் அனுப்பினால் பணம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். இங்கே ஒரே பணத்துக்கு மூன்று தேதிகள் உண்டு: நீங்கள் கொடுத்த தேதி, உங்கள் கணக்கில் கழிந்த தேதி, இனி யாராலும் திருப்ப முடியாது என்று ஆன தேதி. நடுவில் நாட்கள் ஓடும், சில நேரம் வாரங்கள்கூட ஓடும். அபராதமும் திரும்பிய செக்கும் மோசடியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. எந்த வகையில் பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் இந்த மூன்று தேதியையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஏன் இன்னும் இப்படி?

இங்கே வங்கிகளே 4,000-க்கு மேல். உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு வங்கிகளான கிரெடிட் யூனியன்கள் தனியாக இன்னொரு 4,000-க்கு மேல். அத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே முறைக்கு மாறச் சொல்ல யாரும் இல்லை. 2001 செப்டம்பரில் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது கட்டுக்கட்டாகச் செக்குகள் தேங்கின. அதுவரை தாள் செக்கையே விமானத்தில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான், செக்கின் படத்தை வைத்தே பணம் பெறலாம் என்று ஒரு சட்டம் வந்து 2004 அக்டோபரில் அமலானது. நீங்கள் இன்று போனில் செக்கைப் படம் எடுத்துப் போட முடிவது அதனால்தான்.

உடனடிப் பணமாற்றத்துக்கு மத்திய வங்கியின் ஃபெட்நவ் 2023 ஜூலையில் வந்தது. சேருவது வங்கியின் விருப்பம். மத்திய அரசு 2025 செப்டம்பர் 30 முதல் தன் பக்கத்துக் காகிதச் செக்குகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் வீட்டுக்காரருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அவர் கணக்கு எளிமையானது: கார்டில் வாங்கினால் கட்டணம், செக்கில் வாங்கினால் முழுப் பணம்.

## படி 1: கணக்கு திறக்கும்போதே கேட்க வேண்டியவை

அன்றாடச் செலவுக்கு செக்கிங் அக்கவுண்ட், சேமிப்புக்கு சேவிங்ஸ். செக் எழுதுவது முதல் கணக்கிலிருந்துதான். சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வரவில்லை என்றாலும் பல வங்கிகள் பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), முகவரிச் சான்று ஆகியவற்றை வைத்துத் திறந்து கொடுக்கும். ஆன்லைனில் முயன்றால் தட்டிவிடும், நேரில் கிளைக்குப் போங்கள்.

போனதும், மாதக் கட்டணம் உண்டா, எதைச் செய்தால் அது விலகும் என்று கேளுங்கள். சம்பளம் நேரடியாக ஏறினாலோ குறைந்தபட்ச இருப்பு வைத்தாலோ விலகிவிடும் என்பது வழக்கம். முதல் செக் புத்தகம் இலவசமா, கேஷியர்ஸ் செக்குக்கு (வங்கியே எழுதித் தரும் செக், படி 7-இல் வரும்) எவ்வளவு, போனில் ஒரு நாளைக்கு எவ்வளவு வரை செக் போடலாம் என்பதையும் கேட்டுவையுங்கள். வங்கி என்றால் எஃப்டிஐசி, கிரெடிட் யூனியன் என்றால் என்சியூஏ காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரு நபருக்கு ஒரு நிறுவனத்தில் 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு.

ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டியில் டிக் போடச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், பணம் இல்லாதபோது டெபிட் கார்டு வாங்கலும் ஏடிஎம்மும் மறுக்கப்படும், அவற்றுக்குக் கட்டணம் வராது. ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னது செக்குக்கும், நிறுவனங்கள் உங்கள் கணக்கிலிருந்து மின்னணு முறையில் இழுக்கும் ஏசிஎச் கழிவுக்கும் செல்லாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே பணம் போதாவிட்டால் கட்டணம் வரலாம்.

அப்புறம் பெயர். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. அப்பா பெயர் இனிஷியலாகவா, சர்நேமாகவா என்பது பாஸ்போர்ட்டில் ஒரு விதம், பட்டத்தில் ஒரு விதம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முன்னால் “எஃப்என்யூ” (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். கம்பெனி ஒரு வடிவத்தில் செக் எழுதும், வீட்டுக்காரர் இன்னொன்றில் எழுதுவார். வங்கியில் எந்த வடிவம் பதிவாகிறது என்று திரையைக் காட்டச் சொல்லியே பார்த்துவிடுங்கள். சம்பளம், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் அதே வடிவத்தைக் கொடுங்கள்.

## படி 2: செக் புத்தகம்

சில வங்கிகள் கேட்டால்தான் அனுப்பும். தபாலில் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் வாடகை வந்துவிட்டால் கிளையிலேயே ஓரிரு செக்கை அச்சிட்டுத் தருவார்கள், தாளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். செக்கில் பெயரும் முகவரியும் போதும். தொலைபேசி எண், லைசென்ஸ் எண், சோஷியல் செக்யூரிட்டி எண் எதையும் அச்சிடச் சொல்லாதீர்கள். அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாது.

கீழ் ஓரத்தில் விநோதமான எழுத்துருவில் எண்கள் இருக்கும். 9 இலக்கமாக இருப்பது ரவுட்டிங் நம்பர், அதாவது வங்கியின் அடையாளம். அடுத்தது உங்கள் கணக்கு எண். கடைசியில் செக் எண், அது மேல் வலது மூலையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகும். பெரிய தொகையை அன்றே அனுப்பும் வயர் பரிமாற்றத்துக்குச் சில வங்கிகளில் வேறு ரவுட்டிங் நம்பர் இருக்கும். செக்கில் இருப்பதையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடாமல் ஆப்பில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## படி 3: ஒரு செக்கை வரி வரியாக எழுதுவது

வாடகை 1,250 டாலர், நவம்பர் 3-ஆம் தேதி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தேதியில்தான் நம் ஆட்கள் வழுக்குவார்கள். இங்கே மாதம் முதலில் வரும். 11/03 என்று எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் 03/11 என்று எழுதினால் அது மார்ச் 11. ஆறு மாதத்துக்கு மேல் பழசான செக்குக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. எழுதிய அன்றே உங்கள் செக் காலாவதியான செக்காகிவிடும். குழப்பமே வேண்டாம் என்றால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

பெறுபவர் வரியில் ஒப்பந்தத்தில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். “மேனேஜர்”, “ஓனர்” என்று எழுதாதீர்கள். பெயரை நிரப்பாமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது ரொக்கத்துக்குச் சமம்.

எண் பெட்டியில் 1,250.00 என்பதை இடது ஓரத்தை ஒட்டி எழுதுங்கள். இடைவெளி விட்டால் முன்னால் இன்னொரு 1 நுழையும்.

கீழே இருக்கும் எழுத்து வரிக்குத்தான் சட்டத்தில் வலு அதிகம். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருப்பதே செல்லும். “ஒன் தௌசண்ட் டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி அண்ட் 00/100” என்று ஆங்கிலத்தில் எழுதி, மீதி இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள். சென்டை நூறின் பின்னமாக எழுதுவது இங்கே மரபு. 40 சென்ட் இருந்தால் 40/100. நாம் போடும் “ஒன்லி” தேவையில்லை, போட்டாலும் குற்றமில்லை.

இடது கீழ் மூலையில் மெமோ. “நவம்பர் வாடகை, வீட்டு எண் 214” என்பதுபோல எழுதுங்கள். வங்கிக்கு இது வேண்டியதில்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து யாராவது தகராறு செய்தால் உங்களுக்கு வேண்டும்.

கடைசியில் கையெழுத்து. தமிழில் போடுபவர்கள் தமிழிலேயே போடலாம். கணக்கு திறக்கும்போது போட்டதைப் போலவே இருந்தால் போதும். எழுதும்போது பிழையாகிவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். குறுக்கே பெரிதாக “வாய்ட்” (செல்லாது) என்று ஆங்கிலத்தில் எழுதி, வேறு தாளை எடுங்கள். இப்படி வாய்ட் எழுதிய தாளையே சம்பளக் கணக்கைச் சேர்க்க ஆபீஸில் கேட்பார்கள். எனவே கிழித்துப் போடாமல் ஒன்றை எடுத்துவையுங்கள்.

பேனா விஷயம் அற்பமாகத் தோன்றும், ஆனால் முக்கியம். கறுப்பு ஜெல் பேனாவில் எழுதுங்கள். சாதாரண பால்பாயிண்ட் மையை ரசாயனம் கொண்டு கழுவி, கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெயரையும் தொகையையும் மாற்றி எழுதும் திருட்டு இங்கே பரவலாக நடக்கிறது. ஜெல் மை தாளுக்குள் ஊறிவிடுவதால் கழுவுவது கடினம்.

## படி 4: கழியாத பணத்தைக் கணக்கில் வைப்பது

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான்.

கணக்கில் 2,000 டாலர் இருக்கிறது. 1-ஆம் தேதி 1,250-க்கு செக் எழுதி அந்தத் துவாரத்தில் போட்டுவிட்டீர்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. 9-ஆம் தேதிதான் வங்கியில் போடுகிறார். அதுவரை உங்கள் ஆப் 2,000 என்றே காட்டும். அதைப் பார்த்துவிட்டு 5-ஆம் தேதி 900 டாலருக்கு விமான டிக்கெட் எடுத்தால் மீதி 1,100. செக் திரும்பும். உங்கள் வங்கி ஒரு கட்டணம் போடலாம், வீட்டுக்காரர் ஒரு கட்டணம் போடுவார், வாடகை தாமதம் என்று இன்னொன்று. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் திரும்பிய செக்குக்கு முதல் முறை 25 டாலர், அடுத்த முறைகளில் 35 டாலர் வரை வாங்கச் சட்டமே அனுமதிக்கிறது. இதைவிடப் பெரிய நஷ்டம், இனிமேல் உங்கள் செக் வேண்டாம், மணி ஆர்டர்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிடலாம்.

ஆகவே செக் எழுதிய நிமிடமே அந்தப் பணம் போய்விட்டது என்று எழுதிவையுங்கள். செக் புத்தகத்தோடு அதற்கென்றே ஒரு சின்னக் குறிப்பேடு வரும். போனில் குறித்துக்கொண்டாலும் சரி. செக் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு, கழிந்ததா இல்லையா என்ற ஐந்து விவரம் போதும். ஆப் காட்டும் தொகையிலிருந்து இன்னும் கழியாத செக்குகளைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பணம்.

பின்தேதி போட்ட செக்கை நம்பாதீர்கள். 15-ஆம் தேதி போட்டுக் கொடுத்தாலும் வாங்கியவர் 4-ஆம் தேதியே வங்கியில் போடலாம், வங்கியும் பணம் கொடுத்துவிடலாம். தடுக்க வேண்டுமானால் நீங்கள் முன்கூட்டியே வங்கிக்கு அறிவித்திருக்க வேண்டும். செக் தொலைந்துவிட்டால், அதற்குப் பணம் கொடுக்காதே என்று வங்கிக்கு ஸ்டாப் பேமெண்ட் உத்தரவு கொடுக்கலாம். பொதுவாக எழுத்தில் கொடுத்த உத்தரவு ஆறு மாதம் நிற்கும். வாயால் சொன்னது, எழுத்தில் உறுதிப்படுத்தாவிட்டால் 14 நாளில் காலாவதியாகிவிடும். அதற்கும் கட்டணம் உண்டு என்பதால், சின்னத் தொகைக்குக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

## படி 5: தபாலில் அனுப்புவது

தபால்தலை வலது மேல் மூலையில், உங்கள் முகவரி இடது மேல் மூலையில், பெறுபவர் முகவரி நடுவில். “ஃபாரெவர்” தபால்தலையை ஒரு புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டால் விலை ஏறினாலும் செல்லும்.

வீட்டு வாசல் தபால்பெட்டியில் கொடியைத் தூக்கிவைத்து இரவு முழுதும் செக்கை விட்டுவிடாதீர்கள். தெருமுனை நீலப் பெட்டி என்றால் அன்றைய கடைசி எடுப்பு நேரத்துக்கு முன்னால் போடுங்கள், நேரம் பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். தபால் நிலையத்துக்கு உள்ளே போடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

கடைசித் தேதி என்பது பெரும்பாலும் கையில் கிடைக்கும் தேதிதான், அனுப்பும் தேதி அல்ல. முக்கியமான விதிவிலக்கு வருமான வரி. அங்கே தபால் முத்திரையின் தேதி எடுத்துக்கொள்ளப்படும். ஏப்ரல் 15 அன்று அனுப்புவதாக இருந்தால் கவுண்டரில் நின்று கண்ணெதிரே முத்திரை குத்தச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஆகாது என்பவர்களுக்கு வங்கி ஆப்பிலேயே பில் பே என்ற வசதி இருக்கும். அதில் கொடுத்தால் மின்னணு முறையில் போகும் என்று நினைப்போம். பெறுபவர் அந்த வலைப்பின்னலில் இல்லையென்றால், வங்கி உங்களுக்குப் பதிலாக ஒரு செக்கை அச்சடித்துத் தபாலில் அனுப்பும். முதல் முறை கேள்விப்படும்போது சிரிப்பு வரும், ஆனால் நல்ல வசதிதான். சில வங்கிகள் அனுப்பும் அன்றே கணக்கில் கழிக்கும், சில அந்தச் செக் மாற்றப்படும்போது கழிக்கும். உங்கள் வங்கி எந்த ரகம் என்று கேட்டுக்கொண்டு, கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள்.

## படி 6: உங்கள் கைக்கு வரும் செக்

வேலையில் சேர்ந்ததும் நேரடியாகக் கணக்கில் ஏறுமாறு எழுதிக் கொடுத்தாலும் முதல் சம்பளம் காகிதச் செக்காக வருவது சகஜம். பதிவு முடிய ஒன்றிரண்டு சம்பளச் சுற்று ஆகலாம். அந்த முதல் மாதத்துக்குச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருங்கள்.

செக்கின் பின்பக்கம் மேல் ஓரத்தில் கையெழுத்திடுங்கள். போனில் போடுவதாக இருந்தால் கையெழுத்துக்குக் கீழே “ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி” என்று எழுதச் சொல்வார்கள். அதில் வங்கியின் பெயரும் சேர்த்துக் கேட்கும் வங்கிகள் உண்டு. இருண்ட மேசை மேல் தாளை விரித்து முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்தால் போதும். தாளை உடனே கிழிக்காதீர்கள். பணம் முழுதாக ஏறி ஓரிரு வாரம் போனபின் சுக்குநூறாக்குங்கள். மறந்துபோய் அதே செக்கை இரண்டாவது முறை போட்டால் மோசடிக் கணக்கில் விழலாம்.

பெயர் தப்பாக இருந்தால் பதற வேண்டாம். செக்கில் எப்படித் தப்பாக இருக்கிறதோ அப்படியே ஒரு முறை கையெழுத்திட்டு, அதன் கீழே சரியான பெயரில் இன்னொரு முறை போடுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வந்தால் நடுவில் உள்ள சொல்லைப் பாருங்கள். “அண்ட்” என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். “ஆர்” என்றால் ஒருவர் போதும்.

இனி மூன்று தேதி விவகாரம். நீங்கள் போட்ட செக்கில் முதல் 275 டாலரைப் பொதுவாக அடுத்த வேலைநாளில் எடுக்கலாம், மீதி இரண்டாம் வேலைநாளில் வரும். 275 என்ற இந்த அளவு 2025 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கணக்கு திறந்து 30 நாள் ஆகாதவர்களுக்கும், ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் செக் போடுபவர்களுக்கும் வங்கி இன்னும் அதிக நாள் நிறுத்தி வைக்கலாம். அட்வான்ஸ் கட்டப் பெரிய செக்கை நம்பியிருப்பவர்கள் இதை முன்பே கிளையில் கேட்டுவிட வேண்டும்.

கணக்கில் பணம் வந்து, அதை எடுக்கவும் முடிகிறது என்பதால் செக் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. சட்டம் சொல்வதால் வங்கி முன்கூட்டியே கொடுக்கிறது, அவ்வளவுதான். செக் போலி என்று ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தாலும் முழுத்தொகையும் உங்கள் கணக்கிலிருந்து கழியும். போலிச் செக் மோசடி முழுவதும் இந்த ஓட்டையில்தான் ஓடுகிறது. பழைய சோபாவை 200 டாலருக்கு விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். வாங்குபவர் 1,200-க்கு செக் அனுப்பி, “தவறாக எழுதிவிட்டேன், வண்டிக்காரருக்கு 1,000 டாலரை ஸெல்லில் அனுப்பிவிடுங்கள்” என்கிறார் (ஸெல் என்பது யூபிஐ போல நொடியில் பணம் அனுப்பும் வசதி). செக் போட்டதும் பணம் தெரிகிறது, நம்பி அனுப்புகிறீர்கள். பின்னர் செக் திரும்புகிறது. நீங்கள் அனுப்பிய ஆயிரம் திரும்பி வராது. மாணவர்களைக் குறிவைத்துப் பகுதிநேர வேலை என்ற பெயரிலும் இதே வலை வீசப்படுகிறது. செக்கைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு பங்கைத் திருப்பி அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 7: கேஷியர்ஸ் செக், மணி ஆர்டர்

வீட்டு அட்வான்ஸ், பழைய கார் போன்றவற்றுக்கு உங்கள் சொந்தச் செக்கை ஏற்க மாட்டார்கள். திரும்பாத தாள் கேட்பார்கள்.

கேஷியர்ஸ் செக் என்பது வங்கி தன் பணத்திலிருந்து தானே எழுதித் தருவது. உங்கள் கணக்கில் அப்போதே கழிந்துவிடும். தொலைத்துவிடாதீர்கள். புகார் கொடுத்தாலும் செக்கின் தேதியிலிருந்து 90 நாள் வரை பணத்துக்காகக் காக்க வைக்கலாம். காரை விற்பவர் நீங்கள் என்றால், கேஷியர்ஸ் செக்கிலும் போலி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். வாங்குபவரோடு அவர் வங்கியின் கிளைக்கே போய், அங்கே எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

மணி ஆர்டர் தபால் நிலையத்திலேயே கிடைக்கும். வங்கிக் கணக்கு வேண்டியதில்லை. ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுக்கலாம், கிரெடிட் கார்டு எடுபடாது. ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர். வாடகை 1,600 என்றால் இரண்டு வாங்க வேண்டும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பெறுபவர் பெயரை நிரப்பிவிடுங்கள். கிழித்துத் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் தொலைந்த மணி ஆர்டரைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு.

## படி 8: ஏசிஎச், ஸெல், வயர்

ரவுட்டிங் நம்பரும் கணக்கு எண்ணும் கொடுத்தால் மின் நிறுவனம், கல்லூரி போன்றவை உங்கள் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதுதான் ஏசிஎச். 1970-களில் தொடங்கிய முறை. மொத்தமாகச் சேர்த்து வேலைநாட்களில் மட்டும் அனுப்புவதால் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். வெள்ளி மாலை கொடுத்தால் செவ்வாய்க்குத்தான் கழியலாம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் தளம் உடனே சொல்லாது. “கட்டணம் பெறப்பட்டது” என்று காட்டிவிட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பியது என்று அபராதத்தோடு வரும். அதனால் எண்ணை இருமுறை பாருங்கள். மாத அறிக்கையையும் பாருங்கள். நீங்கள் அனுமதிக்காத கழிவு இருந்தால் அந்த அறிக்கை வந்த 60 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஸெல் யூபிஐக்கு நெருங்கிய சொந்தம். நொடிகளில் போகும், கட்டணம் இருக்காது, பல வங்கி ஆப்களுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தேதிகளும் ஒரே நொடியில் நடந்துவிடுவதால் திரும்பப் பெற வழி கிடையாது. அறைத்தோழருக்கு அனுப்புங்கள். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் கேட்பவருக்கு அனுப்பாதீர்கள்.

வயர் வீடு வாங்கும் அளவுக்குப் பெரிய தொகைக்கானது. அன்றே போகும், மதியத்துக்கு மேல் அடைத்துவிடுவார்கள், கட்டணமும் கூடுதல். மின்னஞ்சலில் கடைசி நேரத்தில் “கணக்கு எண் மாறிவிட்டது” என்று வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

## படி 9: கார்டின் சில பழைய பழக்கங்கள்

உணவகத்தில் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். பயப்பட வேண்டாம். இரண்டு ரசீதோடு வந்தால், கடைக்கான பிரதியில் டிப்ஸ், மொத்தம் இரண்டையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். முதலில் பில் தொகைக்கு மட்டும் செய்தி வரும், இரண்டொரு நாளில் டிப்ஸ் சேர்ந்து மாறும்.

பெட்ரோல் பம்பில் கார்டின் ரகசிய எண்ணுக்குப் பதில் ஜிப் கோடு, அதாவது அஞ்சல் குறியீட்டு எண் கேட்கும். கார்டு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஜிப். டெபிட் கார்டு போட்டால் 30 டாலர் பெட்ரோலுக்கு 100 டாலருக்கு மேல்கூடப் பிடித்துவைத்து, பிறகுதான் விடுவிப்பார்கள். இருப்பு குறைவாக இருக்கும் நாளில் உள்ளே போய் முன்பணம் கட்டிவிடுங்கள். பொதுவாகவே வெளியில் கிரெடிட் கார்டுதான் மேல். திருடுபோனால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் அந்த 50 டாலர் வரம்பு, தெரிந்த இரண்டு வேலைநாளுக்குள் சொன்னால்தான். தாமதித்தால் 500 வரை, மாத அறிக்கை வந்து 60 நாளும் தாண்டினால் வரம்பே இல்லை.

பழைய அபார்ட்மெண்ட்களில் துணி துவைக்கும் இயந்திரம் 25 சென்ட் நாணயத்தை மட்டுமே விழுங்கும். கடைகளில் சில்லறை கேட்டு அலைய வேண்டாம். வங்கிக் கவுண்டரில் “ஒரு ரோல் குவார்ட்டர்” என்று கேட்டால் 40 நாணயம், 10 டாலர், காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள்.

## படி 10: ஊர் மாறும்போதும் நாடு திரும்பும்போதும்

கணக்கை மூடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த செக்குகள் எல்லாம் கழிந்துவிட்டனவா என்று குறிப்பேட்டைப் பாருங்கள். தானாகக் கழியும் பில்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

வீட்டு அட்வான்ஸ் நீங்கள் போன பிறகுதான் திரும்பும், அதுவும் பெரும்பாலும் செக்காக, தபாலில். கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரருக்கு 21 நாள் அவகாசம், மற்ற மாநிலங்களில் வேறு வேறு. நம்பகமான நண்பரின் முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டு, தபால் துறையிலும் முகவரி மாற்றம் பதிவு செய்யுங்கள். நண்பர் செக்கை உங்களுக்குக் கூரியரில் அனுப்பினால் நீங்கள் எங்கிருந்தும் ஆப்பில் போடலாம், கணக்கு உயிரோடு இருக்கும் வரை. வெளிநாட்டிலிருந்து செக் போட சில வங்கி ஆப்கள் விடாது என்பதால் கிளம்பும் முன் கேட்டுவையுங்கள்.

அப்படியும் ஏதாவது செக் மாற்றப்படாமல் போனால் பணம் அழிந்துவிடாது. சில ஆண்டுகளில் அதை அந்த மாநில அரசிடம் ஒப்படைத்துவிடுவார்கள். உரிமை கோரப்படாத பணத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு தளம் வைத்திருக்கிறது, தேடுவது இலவசம். தேடித் தருகிறேன் என்று பங்கு கேட்பவரிடம் போக வேண்டியதில்லை. வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலும் தேடுங்கள். முழுப்பெயர், இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், எஃப்என்யூ சேர்த்து என்று எல்லா வடிவத்திலும் போட்டுப் பாருங்கள்.